குறை நீக்கலும் மிகை சேர்த்தலும்: இதய நலத்தில் ஊட்டச்சத்துகளும் துணைச்சத்து மாத்திரைகளும்

ஆய்வுச் சுருக்கம்

இதய நோயைத் தடுக்கும் என்னும் நம்பிக்கையில் வைட்டமின், மீன் எண்ணெய், தாதுச் சத்து ஆகியவற்றை மாத்திரை வடிவில் உட்கொள்ளும் வழக்கம் பரவலாகியுள்ளது. இந்நம்பிக்கை எந்த அளவிற்குச் சான்றுடையது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. பெரிபெரி, கேஷான் நோய் ஆகிய குறைபாட்டு நோய்களின் வரலாறும், கடந்த 30 ஆண்டுகளில் பல நாடுகளில் நிகழ்ந்த பெரும் மருத்துவச் சோதனைகளின் முடிவுகளும் ஒப்பிட்டு நோக்கப்படுகின்றன. உடலில் ஒரு சத்து குறைந்திருக்கும்போது அதை ஈடுசெய்வது இதயத்தைக் காக்கிறது. குறைவற்ற உடலில் அதே சத்தை மிகுவிப்பது பெரும்பாலும் பயன் தருவதில்லை, சில நேர்வுகளில் தீங்கும் செய்கிறது என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: இதய நலம், ஊட்டச்சத்து, துணைச்சத்து, பெரிபெரி, புழுங்கல் அரிசி, வைட்டமின் ஈ, மீன் எண்ணெய், பொட்டாசியம், சமவாய்ப்புச் சோதனை

முன்னுரை

உணவே மருந்து என்னும் கருத்து தமிழர் வாழ்வில் வேரூன்றியது. அதனாலேயே உணவிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சத்தை மாத்திரையாக்கித் தரும்போது, அதையும் உணவின் நீட்சியாகவே எண்ணிப் பலர் ஏற்றுக்கொள்கின்றனர். மருத்துவர் எழுதித் தரும் குருதியழுத்த மாத்திரையை ‘இரசாயனம்’ என்று அஞ்சுபவரும், கடையில் தாமே வாங்கும் வைட்டமின் மாத்திரையை ‘சத்து’ என்று கருதி அச்சமின்றி உட்கொள்வதைக் காணலாம். இவ்விரண்டனுள் எது மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்கிறது என்பது சோதனைகளால் தெளியப்பட வேண்டிய வினாவாகும். ஒன்றைவிட்டு மற்றொன்றைப் பற்றிக்கொள்ளும் நோயாளிக்கு இவ்வினா உயிர் பற்றியதும் ஆகும்.

இதய நோய் உலகில் மிகுதியான இறப்புகளுக்குக் காரணமாக உள்ளது. எனவே அதைத் தடுக்கும் என்று கூறப்படும் எப்பொருளும் பெரிய சந்தையைப் பெறுகிறது. அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின்படி, துணைச்சத்துப் பொருள்கள் விற்பனைக்கு வருமுன் அவற்றின் பயனை உற்பத்தியாளர் அரசுக்கு மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் இத்தகைய பொருள்களை உணவு வகையில் அடக்கி, அவை மருத்துவப் பயன்பாட்டிற்கு உரியன அல்ல என்னும் அறிவிப்பு உறையில் இடம்பெற வேண்டும் என்று விதிக்கின்றன. ஆயினும் சிறிய எழுத்தில் அமையும் அவ்வறிவிப்பைவிட, உறையின் முகப்பிலுள்ள இதயப் படமே வாங்குவோர் கண்ணில் முதலில் படுகிறது.

ஆய்வின் நோக்கமும் எல்லையும்

சத்துகளை ஈடுசெய்வதால் இதயம் நலம் பெற்ற நேர்வுகள் எவை, பெறாத நேர்வுகள் எவை, இவ்விரண்டையும் வேறுபடுத்தும் காரணம் யாது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். வெளிவந்த ஆய்வு முடிவுகளே சான்றாகக் கொள்ளப்படுகின்றன. தனிப்பட்ட நோயாளிக்குரிய மருத்துவ அறிவுரை இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

சொல் விளக்கம்

இப்பொருள் குறித்துத் தமிழில் எழுதும்போது கலைச்சொற் சிக்கல் முதலில் எழுகிறது. உணவோடு கூடுதலாக உட்கொள்ளப்படும் சத்துப் பொருளைத் ‘துணை உணவு’, ‘இணை உணவு’, ‘சத்து மாத்திரை’ எனப் பலவாறு வழங்குகின்றனர். இவற்றுள் ‘இணை உணவு’ என்பது தமிழ்நாட்டு அங்கன்வாடி மையங்களில் குழந்தைகளுக்கும் தாய்மார்க்கும் வழங்கப்படும் சத்துமாவையும் குறிக்கிறது. அது உண்மையில் உணவு; மாத்திரை அன்று. ‘சத்து மாத்திரை’ என்பதோ, அம்மாத்திரை எல்லார்க்கும் வலிமை தரும் என்னும் பொருளைத் தன்னுள் முன்கூட்டியே கொண்டுள்ளது. எனவே இக்கட்டுரையில் உணவில் இயல்பாக அமைந்தது ‘ஊட்டச்சத்து’ என்றும், பிரித்தெடுத்தோ செயற்கையாகச் செய்தோ தனித்து உட்கொள்ளப்படுவது ‘துணைச்சத்து’ என்றும் வேறுபடுத்தப்படுகின்றன.

சான்றின் வகை பற்றியும் ஒரு வேறுபாடு தேவை. மக்கள் தாமாக உண்பதைப் பதிவுசெய்து, பின்னர் யாருக்கு நோய் வந்தது என்று காண்பது நோக்காய்வு. பங்கேற்பாளரைக் குலுக்கல் போன்ற சமவாய்ப்பு முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சத்தும் மற்றொரு பிரிவுக்கு அதே தோற்றமுடைய மருந்துப்போலியும் கொடுத்துக் காண்பது சமவாய்ப்புச் சோதனை. வைட்டமின் மாத்திரை உட்கொள்பவர் பொதுவாகப் புகைபிடிக்காதவராகவும், உடற்பயிற்சி செய்பவராகவும், வசதி உடையவராகவும் இருக்கக்கூடும். அவரது நலத்திற்குக் காரணம் மாத்திரையா, வாழ்முறையா என்பதை நோக்காய்வு முழுமையாகப் பிரித்துக் காட்ட இயலாது. சமவாய்ப்புச் சோதனை காட்டும்.

குறைபாடும் இதயமும்: பெரிபெரி காட்டும் சான்று

ஊட்டச்சத்துக் குறைவு இதயத்தை நேரடியாகத் தாக்கும் என்பதற்குப் பெரிபெரி நோயே தெளிவான சான்று. வைட்டமின் பி1 எனப்படும் தயமின், மாவுச்சத்திலிருந்து ஆற்றல் பெறும் வினைகளுக்கு இன்றியமையாதது. ஓயாது இயங்கும் இதயத் தசை இக்குறையைத் தாங்காது. ஈரப் பெரிபெரி என்னும் வகையில் இதயம் பெருத்து, கால்கள் வீங்கி, மூச்சுத் திணறி, நோயாளி சில நாள்களிலேயே இறந்துவிடலாம்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இயந்திர அரவை ஆலைகள் பெருகித் தீட்டிய வெள்ளை அரிசி மலிவாகக் கிடைத்தபோது, தென்கிழக்காசியாவில் இந்நோய் பெருகியது. ஜாவாவில் பணியாற்றிய கிறிஸ்டியான் எய்க்மான், தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகளுக்குப் பெரிபெரியை ஒத்த நரம்பு நோய் வருவதைக் கண்டார். இதற்காக அவருக்கு 1929இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் தமிழர்க்கு நேரடித் தொடர்புண்டு. மலாயாவில் ஒரே தட்பவெப்பத்தில், ஒத்த கடுமையுடைய வேலை செய்த தொழிலாளருள் தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் பெருமளவில் மடிய, புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் அந்நோயின்றி இருந்தனர். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த டபிள்யூ. எல். பிராடன் இவ்வேறுபாட்டை வலியுறுத்தி 1907இல் நூல் வெளியிட்டார். கோலாலம்பூர் மனநோயர் காப்பகத்தில் வில்லியம் ஃபிளெட்சர் என்னும் மருத்துவர் 1905இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணிட்டு, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பிரிவாகவும் இரட்டைப்படை எண்ணினரை மற்றொரு பிரிவாகவும் ஆக்கினார். ஒரு பிரிவுக்குத் தீட்டிய பச்சரிசியும் மற்றதற்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் வழங்கப்பட்டன. பச்சரிசிப் பிரிவில் பலருக்குப் பெரிபெரி கண்டது, இறப்புகளும் நேர்ந்தன. புழுங்கல் அரிசிப் பிரிவில் நோய் பரவவில்லை. பின்னர் ஹென்றி ஃபிரேசரும் ஏ. டி. ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் சாலைப் பணி செய்த ஜாவானியத் தொழிலாளரிடையே நிகழ்த்திய சோதனை இம்முடிவை உறுதிசெய்தது.

காரணம் அரிசியைப் பக்குவம் செய்யும் முறையிலேயே அமைந்துள்ளது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள தயமின் அரிசிமணியின் உட்பகுதிக்கு ஊடுருவுகிறது. பின்னர் அரைத்துத் தவிட்டை நீக்கினாலும் அதன் பெரும்பகுதி தங்குகிறது. வைட்டமின் என்னும் சொல்லே பிறவாத காலத்தில் நெல் அவித்த பெண்கள் தாம் அறியாமலே இதய நோய் ஒன்றைத் தடுத்து வந்தனர் எனலாம். ஆயினும் சுவைக்காகவும் சேமிப்புக்காகவும் அமைந்த பழக்கம் நலமும் பயந்தது என்று கொள்வதே பொருத்தம். அதைத் திட்டமிட்ட மருத்துவ அறிவாகக் கொள்வதற்குச் சான்றில்லை.

தயமினை 1926இல் யான்சனும் டோனாத்தும் ஜாவாவில் பிரித்தெடுத்தனர். அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்த ராபர்ட் ஆர். வில்லியம்ஸ் 1936இல் அதைச் செயற்கையாக உருவாக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் ஈரப் பெரிபெரியால் இதயம் தளர்ந்தவருக்குத் தயமின் செலுத்தினால் விரைவில் நலம் திரும்புவது மருத்துவர் அறிந்தது. இங்குத் துணைச்சத்து ஐயத்திற்கு இடமின்றி உயிர் காக்கிறது.

செலினியமும் இரும்பும்

சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாநிலத்துக் கேஷான் வட்டத்தில் 1935இல் இதயத் தசையைச் சிதைக்கும் நோய் ஒன்று பதிவாயிற்று. அவ்வட்டத்தின் பெயரே நோய்க்கும் அமைந்தது. குழந்தைகளும் இளம் பெண்களும் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். நோய் கண்ட பகுதிகளின் மண்ணிலும், ஆகவே அங்கு விளைந்த தானியங்களிலும் செலினியம் மிகக் குறைவு என்பது பின்னர் தெரியவந்தது. 1970களில் சிச்சுவான் மாநிலத்து மியன்னிங் வட்டத்தில் குழந்தைகளுக்குச் சோடியம் செலினைட் மாத்திரை கொடுக்கப்பட்டபோது நோய் பெரிதும் குறைந்தது. செலினியக் குறைவோடு வைரசுத் தொற்றும் இந்நோய்க்குத் துணைக்காரணம் எனக் கருதப்படுகிறது. செலினியம் போதிய அளவில் உள்ள நாடுகளில் அதே சத்தை மாத்திரையாகக் கொடுத்த சோதனைகளில் இதய நோய் குறையவில்லை என்பது ஒப்பிடத்தக்கது.

இரும்புச் சத்து இன்னொரு நுட்பத்தை உணர்த்துகிறது. இதயச் செயலிழப்பு உடையோரில் இரும்புக் குறைவு இருப்பின், சிரை வழியே இரும்பு செலுத்துவது அவர்தம் மூச்சிரைப்பையும் களைப்பையும் தணிப்பதை 2009இல் வெளிவந்த ஒரு பன்னாட்டுச் சோதனை காட்டியது. ஆனால் 2017இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனையில் வாய்வழி இரும்பு மாத்திரை அத்தகையோரின் உடலுழைப்புத் திறனை உயர்த்தவில்லை. இவ்வகை நோயாளியின் குடல் இரும்பைச் சரிவர உறிஞ்சாமை இதற்குக் காரணமாகச் சுட்டப்படுகிறது. குறை இருப்பதை அளந்தறிவதோடு, ஈடுசெய்யும் வழியும் ஆராயப்பட வேண்டும் என்பது இதனால் புலனாகிறது.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள்: நம்பிக்கையும் முடிவும்

குறைபாடற்றோருக்குச் சத்தை மிகுவித்தால் யாது நிகழும்? 1980களின் இறுதியில் ஒரு கருதுகோள் வலுப்பெற்றது. குருதியிலுள்ள தீய கொலஸ்டிரால் ஆக்சிஜனேற்றம் அடைந்த பின்னரே தமனிச் சுவரில் மிகுதியாகப் படிகிறது. ஆகவே ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கும் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் போன்றவை தமனித் தடிப்பைத் தடுக்கும் என்பதே அது. 1993இல் அமெரிக்கச் செவிலியரிடையேயும் ஆண் மருத்துவப் பணியாளரிடையேயும் நிகழ்ந்த இரு பெரும் நோக்காய்வுகள், வைட்டமின் ஈ மிகுதியாக உட்கொண்டோரிடம் இதய நோய் குறைவாக இருந்ததைக் காட்டின. 1996இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் 2,002 இதய நோயாளிகளிடம் நிகழ்ந்த சோதனையிலும் உயிர்க்கேடு விளைவிக்காத மாரடைப்புகள் குறைந்தன. ஆனால் அதில் இறப்புகள் குறையவில்லை.

இதனினும் பெரிய சோதனைகள் வந்தபோது நிலை மாறியது. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஹோப்’ சோதனையில் 9,500க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈ சராசரியாக நாலரை ஆண்டு உட்கொண்டும் மாரடைப்போ பக்கவாதமோ இறப்போ குறையவில்லை. அதே சோதனையில் ராமிப்ரில் என்னும் மருந்து இம்மூன்றையும் குறைத்தது. சத்தும் மருந்தும் ஒரே களத்தில் ஒப்பிடப்பட்ட இந்நேர்வு, முன்னுரையில் எழுப்பிய வினாவிற்கு நேரடி விடையாகிறது. அச்சோதனையின் தொடர்ச்சியாக 2005இல் வெளிவந்த முடிவு, வைட்டமின் ஈ உட்கொண்டோரிடம் இதயச் செயலிழப்பு கூடியதையும் காட்டியது.

பீட்டா கரோட்டினின் முடிவு மேலும் கவலைக்குரியது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நிகழ்ந்து 1994இல் வெளிவந்த சோதனையில், நாள்தோறும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடும் மொத்த இறப்பு 8 விழுக்காடும் மிகுந்தன. அமெரிக்காவில் புகைபிடிப்போர், கல்நார்த் தொழிலாளர் ஆகிய 18,314 பேரிடம் நிகழ்ந்த மற்றொரு சோதனை, இத்தகைய தீங்கு புலப்பட்டதால் 1996இல் குறித்த காலத்திற்கு 21 மாதம் முன்னரே நிறுத்தப்பட்டது. கேரட்டும் முருங்கைக் கீரையும் உண்பதால் இத்தீங்கு விளைவதில்லை. உணவில் நூற்றுக்கணக்கான பொருள்களோடு சிற்றளவில் கலந்து வரும் ஒன்றும், தனித்துப் பேரளவில் வரும் அதே ஒன்றும் உடலில் ஒரே விளைவைத் தருவதில்லை. 2022இல் அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு, இதய நோய், புற்றுநோய் ஆகியவற்றைத் தடுக்க இவ்விரு துணைச்சத்துகளையும் உட்கொள்ள வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

குறியீடு சீரடைதலும் நோய் தடுத்தலும்

குருதிச் சோதனையில் ஒரு குறியீடு சீரடைந்தால் நோயும் தடுக்கப்படும் என்று எண்ணுவது இயல்பு. ஹோமோசிஸ்டீன் பற்றிய ஆய்வு இவ்வெண்ணத்தைச் சோதித்தது. இந்த அமினோ அமிலம் குருதியில் மிகுவது தமனிகளைச் சிதைக்கிறது என்னும் கருதுகோளைக் கில்மர் மெக்கலி 1969இல் முன்வைத்தார். ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி6, பி12 ஆகியன அதைக் குறைக்கும். 2006இல் வெளிவந்த ‘ஹோப்-2’ சோதனையில் 5,522 பேரும், நார்வேச் சோதனையில் 3,749 மாரடைப்பு நோயாளிகளும் பங்கேற்றனர். இரண்டிலும் ஹோமோசிஸ்டீன் எதிர்பார்த்தவாறே குறைந்தது. முதன்மை இலக்காகக் கொண்ட இதய நிகழ்வுகள் குறையவில்லை.

நியாசின் எனப்படும் வைட்டமின் பி3யின் வரலாறும் இத்தகையதே. பேரளவில் அது நல்ல கொலஸ்டிராலை உயர்த்தும். 2014இல் வெளிவந்த ஒரு சோதனையில் 25,673 பேருக்கு, ஸ்டாட்டின் மருந்தோடு நீடித்து வெளிப்படும் நியாசினும் அதன் பக்கவிளைவைத் தணிக்கும் மற்றொரு மருந்தும் சேர்த்தோ மருந்துப்போலி சேர்த்தோ கொடுக்கப்பட்டது. நல்ல கொலஸ்டிரால் உயர்ந்தும் மாரடைப்பு குறையவில்லை. நீரிழிவு, தொற்று, குருதிக்கசிவு ஆகியன மிகுந்தன.

ஆனால் ஃபோலிக் அமிலத்தைப் பயனற்றது என்று ஒதுக்கிவிடவும் இயலாது. சீனாவில் குருதியழுத்த நோயுடைய 20,702 பேரிடம் நிகழ்ந்து 2015இல் வெளிவந்த சோதனையில், எனலாப்ரில் மருந்தோடு 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் சேர்த்து உட்கொண்டோரிடம் முதல் பக்கவாதம் 21 விழுக்காடு குறைந்தது. தானிய மாவில் ஃபோலிக் அமிலம் கட்டாயமாகச் சேர்க்கப்படாத மக்களிடையே அச்சோதனை நிகழ்ந்தது. சோதனைத் தொடக்கத்தில் ஃபோலேட் அளவு மிகக் குறைந்திருந்தவரிடம் பயன் மிகுதியாகத் தோன்றியது. பெரிபெரியும் கேஷான் நோயும் உணர்த்திய குறைநீக்கல் நெறியே இங்கும் தொழிற்படுகிறது.

மீன் எண்ணெய்: முரண்படும் சான்றுகள்

டென்மார்க் ஆய்வாளர்கள் பாங், டையர்பெர்க் ஆகியோர் 1970களில் கிரீன்லாந்து இனுயிட் மக்களின் குருதிக் கொழுப்பை ஆராய்ந்ததிலிருந்து ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் கவனம் பெற்றன. இத்தாலியில் அண்மையில் மாரடைப்புக்கு உள்ளான 11,324 பேரிடம் நிகழ்ந்து 1999இல் வெளிவந்த சோதனை, நாள்தோறும் ஏறத்தாழ 1 கிராம் ஒமேகா-3 இறப்பைக் குறைப்பதாகக் காட்டியது. ஆனால் 2018இல் முடிவு வெளியான இரு பெரும் சோதனைகளில், அதாவது நீரிழிவு நோயாளிகள் 15,480 பேரிடமும், பொதுமக்கள் 25,871 பேரிடமும், இதே அளவு முதன்மை இதய நிகழ்வுகளைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. ஸ்டாட்டின் முதலான மருந்துகள் பரவலாகிவிட்டமையால் மீன் எண்ணெய் கூடுதலாகச் செய்வதற்கு இடம் சுருங்கியது என்பது ஒரு விளக்கம்.

பேரளவில் கொடுத்த சோதனைகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. முக்கிளிசரைடு மிகுந்த 8,179 பேருக்கு நாள்தோறும் 4 கிராம் தூய்மையாக்கிய இ.பி.ஏ. கொடுத்த சோதனையில் இதய நிகழ்வுகள் 25 விழுக்காடு குறைந்தன. இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டும் கலந்த 4 கிராம் கொடுத்த 13,078 பேர் சோதனையில் பயன் இல்லை. முதற்சோதனையில் மருந்துப்போலியாகக் கனிம எண்ணெயும் இரண்டாவதில் மக்காச்சோள எண்ணெயும் பயன்பட்டன. கனிம எண்ணெய் தானே தீங்கு செய்து வேறுபாட்டைப் பெரிதாக்கியதா என்னும் விவாதம் நீடிக்கிறது. இரு சோதனைகளிலும் ஏட்ரியக் குறு நடுக்கம் என்னும் சீரற்ற இதயத் துடிப்பு மிகுந்தது ஒத்த முடிவாகும். இவற்றுள் முதலாவது மருத்துவர் பரிந்துரையில் தரப்படும் மருந்து; கடையில் கிடைக்கும் மீன் எண்ணெய் மாத்திரைக்கு அதன் முடிவைப் பொருத்துதல் தவறு. மத்தி, அயிலை போன்ற எண்ணெய்ச் சத்துள்ள மீன்களை உணவாகக் கொள்வதோ இதனின் வேறானது. அவை ஒமேகா-3 தருவதோடு, தட்டில் கொழுப்பு மிகுந்த இறைச்சியின் இடத்தையும் பிடிக்கின்றன.

உப்பும் பொட்டாசியமும்

ஒரு சத்தின் மிகையைக் குறைத்து மற்றொன்றின் குறையை நிரப்புவது உப்புப் பொருளில் ஒருங்கே நிகழ்கிறது. சோடியம் நாளொன்றுக்கு 2 கிராமுக்குள், அதாவது உப்பு 5 கிராமுக்குள் இருத்தல் வேண்டும் என்றும், பொட்டாசியம் குறைந்தது 3,510 மில்லிகிராம் கிடைத்தல் வேண்டும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2012இல் பரிந்துரைத்தது. அமெரிக்காவில் 459 பேரிடம் நிகழ்ந்து 1997இல் வெளிவந்த ‘டாஷ்’ உணவுச் சோதனையில் மாத்திரை எதுவும் தரப்படவில்லை. காய், கனி, கொழுப்பு குறைந்த பால்பொருள் மிகுந்த உணவு, குருதியழுத்த நோயுடையோரின் மேலழுத்தத்தை 11 மி.மீ. அளவிற்குக் குறைத்தது.

சீனாவின் 600 சிற்றூர்களில் 20,995 பேரிடம் நிகழ்ந்து 2021இல் வெளிவந்த சோதனை குறிப்பிடத்தக்கது. பக்கவாதம் முன்னர் வந்தோரும், 60 வயதைக் கடந்த குருதியழுத்த நோயாளிகளும் இதில் சேர்க்கப்பட்டனர். பாதிச் சிற்றூர்களுக்கு 75 விழுக்காடு சோடியம் குளோரைடும் 25 விழுக்காடு பொட்டாசியம் குளோரைடும் கலந்த மாற்று உப்பு வழங்கப்பட்டது. பக்கவாதம் 14 விழுக்காடும் இறப்பு 12 விழுக்காடும் குறைந்தன. ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு எனச் சமையலறை வழியே உப்பு மிகுதியாகச் சேரும் தமிழ் இல்லங்களுக்கு இம்முடிவு சிந்திக்கத்தக்கது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உடையோர் அச்சோதனையில் சேர்க்கப்படவில்லை. சிறுநீரகம் தளர்ந்தவர் உடலில் பொட்டாசியம் தேங்கி இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடும். பெரும்பாலோர்க்கு நன்மையானது சிலர்க்கு நஞ்சாவதற்கு இதுவே தக்க சான்று.

மருந்தோடு முரணும் சத்துகள்

துணைச்சத்து தன்னளவில் தீங்கற்றதாயினும் மருந்தோடு சேரும்போது நிலை மாறலாம். குருதி உறைவைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தின் செயலை வைட்டமின் கே முறியடிக்கிறது. செயற்கை இதய வால்வு பொருத்தியவருக்கு இது பேரிடராகும். கீரை உண்பதை அவர் விட்டுவிட வேண்டியதில்லை. நாள்தோறும் ஏறத்தாழ ஒரே அளவாக உண்பதே நெறி. ராமிப்ரில், எனலாப்ரில் வகை மருந்து உட்கொள்பவர் பொட்டாசிய மாத்திரையையும் சேர்த்துக்கொண்டால் குருதியில் பொட்டாசியம் அளவு மீறும். சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ‘இயற்கைப் பொருளாக’ விற்கப்படுவதில் உள்ள மொனகோலின் கே, லோவாஸ்டாட்டின் என்னும் மருந்தே ஆகும். ஸ்டாட்டினுக்கு அஞ்சி இதை உட்கொள்பவர், அளவு தெரியாத ஸ்டாட்டினையே உட்கொள்கிறார். எனவே மருத்துவரிடம் செல்வோர் தாம் உட்கொள்ளும் மருந்துகளோடு துணைச்சத்துகளையும் கூறுதல் இன்றியமையாதது.

ஆய்வு முடிபுகளும் ‘அளவு’ என்னும் கருத்தும்

மேற்கண்ட சான்றுகளை ஒருங்கே நோக்கின், பயன் தந்த நேர்வுகளுக்கும் தராத நேர்வுகளுக்கும் இடையிலான வேறுபாடு சத்தின் பெயரில் இல்லை; பெறுபவரின் நிலையில் உள்ளது. செலினியம் மியன்னிங்கில் உயிர் காத்தது. குறைவற்ற மக்களிடம் பயனற்றதாயிற்று. ஃபோலிக் அமிலம் ஓரிடத்தில் பக்கவாதத்தைக் குறைத்தது. பிறிதோரிடத்தில் குருதிக் குறியீட்டை மட்டுமே குறைத்தது.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ இங்கு நினைக்கத்தக்கது. அதன் பத்துக் குறள்களுள் முதலாவது மிகுதி, குறைவு இரண்டுமே நோய்க்குக் காரணம் என்கிறது. அடுத்த ஆறும் உண்ணும் அளவையும் காலத்தையும் பற்றியவை. இறுதி மூன்றே மருத்துவத்தையும் மருத்துவரையும் பற்றியவை. வள்ளுவர் கூறும் மிகுதி, குறைவு என்பன வாதம் முதலாகிய மூன்றைப் பற்றியவை; வைட்டமின்களைப் பற்றியவை அல்ல. இன்றைய ஆய்வு முடிவுகளை அக்குறள்களில் ஏற்றிக் கூறுவது நூலுக்கும் அறிவியலுக்கும் நேர்மையாகாது. எனினும், ஒரு பொருளின் நன்மையை அதன் அளவோடும் உண்பவர் நிலையோடும் சேர்த்தே எண்ணும் மரபு தமிழில் உண்டு என்பதற்கு அவ்வதிகாரம் சான்று. ‘சத்து’ என்றாலே நன்மை என்று கருதும் இன்றைய வழக்கு அம்மரபிலிருந்து விலகியதாகும்.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. தயமின், செலினியம் போன்ற சத்துகளின் குறைவு இதயத்தை நேரடியாகத் தாக்கும். குறைவு இருப்பின் துணைச்சத்து உயிர் காக்கும்.

2. குறைவற்றோரிடம் வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் ஆகியன இதய நோயைத் தடுக்கவில்லை. சிலரிடம் தீங்கும் விளைவித்தன.

3. குருதிக் குறியீடு சீரடைவது நோய் தடுக்கப்பட்டதற்குப் போதிய சான்றாகாது.

4. மீன் எண்ணெய் பற்றிய சான்றுகள் முரண்படுவதால் மருத்துவர் அறிவுரையின்றி அதைப் பேரளவில் உட்கொள்ளுதல் தகாது.

5. உப்பைக் குறைத்துக் காய்கனி மிகுத்த உணவுமுறை குருதியழுத்தத்தைக் குறைப்பதும், மாற்று உப்பு பக்கவாதத்தைக் குறைப்பதும் சோதனையால் உறுதிப்பட்டவை. சிறுநீரக நோயாளிக்கு மாற்று உப்பு பொருந்தாது.

துணைச்சத்து ஒன்றை வாங்குமுன் ‘இது எனக்குக் குறைந்துள்ளதா? அளந்து பார்க்கப்பட்டதா?’ என்னும் இரு வினாக்களை எழுப்புதல் போதும். பெரும்பாலான தேவையற்ற செலவும் இடரும் தவிரும். எவ்வகைச் சத்துக்காகவும் குருதியழுத்த மருந்தையோ ஸ்டாட்டினையோ தாமே நிறுத்துவதற்கு மேற்கண்ட சோதனைகளுள் எதுவும் இடம் தரவில்லை. மருத்துவச் செய்திகளைத் தமிழில் எழுதுவோர் ‘ஊட்டச்சத்து’, ‘துணைச்சத்து’, ‘மருந்து’ என்னும் மூன்றையும் பொருள் மயங்காமல் ஆளுதல் வேண்டும். சொல்லில் நேரும் மயக்கம் நோயாளியின் முடிவிலும் மயக்கமாய் முடியும் என்பதால், அது தமிழாய்வின் பொறுப்பும் ஆகும்.